எட்டாவது தாவல்

நான் எழுதிய பாட்டை இதுவரை யாருமே கேட்டதில்லை. பாதிப் பேர் காதில் அது விழவேயில்லை. மீதிப் பேர் கேட்டது நான் எழுதியதே இல்லை. இருபத்தெட்டு வருடமாக இந்த வயிற்றெரிச்சலைச் சோறு போட்டு வளர்த்து வைத்திருந்தேன். போன புதன்கிழமை காலை அது தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டது.

"மேடம், 'கிணத்துத் தவளை' கேமுக்கு சவுண்டு எழுதினது நீங்கதானே?"

ஒரு சின்னப் பெண்ணின் குரல். பழைய வீடியோ கேம்களைத் தூசி தட்டி இன்றைய கைப்பேசிகளுக்காக மறுபடி வெளியிடும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாளாம்.

"நாந்தான். என்ன, புகாரா?" என்றேன். எனக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும். இப்போது நான் செய்கிற வேலை அந்த மாதிரி. லிஃப்ட் கதவு மூடும்போது வருகிற 'டிங்', துணி துவைத்து முடித்த மெஷின் போடுகிற கூப்பாடு, மின்னடுப்பின் 'பீப்' எல்லாம் என்னைப் போன்றவர்கள் செய்து கொடுப்பவைதான். உங்கள் பீப் அருமை என்று சொல்ல இன்றுவரை ஒருவரும் போன் செய்ததில்லை.

"புகார் இல்ல மேடம், சண்டை. கடைசியில தவளை கிணத்தை விட்டு வெளிய வரும்போது ஒரு பாட்டு வரும்னு பாதிப் பேர் சொல்றாங்க. பாட்டாவது ஒண்ணாவது, புளுகாதீங்கன்னு மீதிப் பேர். இன்டர்நெட்ல வருஷக்கணக்கா அடிச்சுக்கறாங்க. நாங்க உள்ள பிரிச்சுப் பாத்தோம். பாட்டு இருக்கு. ஆனா ரெண்டு தடத்துலயும் அச்சு அசலா ஒரே நம்பர். எதுக்கு மேடம் ஒரே பாட்டை ரெண்டு தடவ வச்சீங்க?"

"நான் வைக்கலம்மா. ரெண்டாவது தடத்துல வேற நம்பர் இருந்துது."

"அந்த நம்பர் உங்ககிட்ட இருக்கா? இருந்தா நீங்க நெனச்ச மாதிரியே போட்டுடறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேணும். அதுக்கப்புறம் கேமைப் பூட்டிடுவோம், எதையும் மாத்த முடியாது."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் நோட்டுப் புத்தகம் வீடு மாறிய ஏதோ ஒரு வருடத்தில் பழைய பேப்பரோடு போய்விட்டது. ஆனால் அந்த எண்கள் ஓரிடத்தில் நிச்சயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் என் அண்ணன் வீடு. அதை நினைத்தபோதே எனக்கு வாயெல்லாம் கசந்தது.

"வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

அந்தக் காலத்து ஒலிச் சில்லை, அதாவது கேம் பெட்டிக்குள் சத்தம் போடுகிற சிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் கோபத்தில் உள்ள நியாயம் புரியும். அதற்கு மூன்று தடம். மூன்று வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் தெரிந்தது இரண்டே நிலைதான், மேலே அல்லது கீழே. எத்தனை வேகமாக மாற வேண்டும் என்பதை ஓர் எண்ணால் சொல்ல வேண்டும். சில்லின் துடிப்பை அந்த எண்ணால் வகுத்தால் சுரம் வரும். 254 என்று கொடுத்தால் நொடிக்கு நானூற்று நாற்பது தடவை. 255 என்றால் அதைவிட ஒன்றரை, ஒன்றே முக்கால் குறைவு. நடுவில் எதுவும் கிடையாது. பின்னமெல்லாம் அதனிடம் பலிக்காது, கறாரான பேர்வழி.

இப்படி வெடுக்கென்று ஏறி வெடுக்கென்று இறங்குவது சதுர அலை. அதில் அடிப்படைச் சுரத்தோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு அதிர்வுகளும் ஒட்டிக்கொண்டு வரும். இரட்டைப்படை மடங்குகள் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால்தான் அந்தக் கால கேம்களின் குரல் மூக்கடைத்தது மாதிரி, உள்ளே பொந்து விழுந்தது மாதிரி இருக்கும். எனக்கு அந்தக் குரல் மேல் பைத்தியம். இன்றைக்கும் ஏதாவது கடை வாசலில் அது கேட்டால் கால் தானாக நின்றுவிடும். ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பளை பொம்மைக் கடை வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்து ஜனங்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்த மூக்கடைப்பை நீக்க நான் ஒரு வேலை செய்தேன். ஒரே பாட்டை இரண்டு தடத்தில் வைத்து, இரண்டாவது தடத்தின் எண்களை மட்டும் ஒன்று கூட்டினேன். முதல் தடம் 254 என்றால் இரண்டாவது 255. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஒன்றையொன்று தூக்கிவிடும், அமுக்கிவிடும். அடிப்படைச் சுரம் மெதுவாக அசையும்போதே அதன் மூன்றாம் மடங்கு மூன்று பங்கு வேகத்தில் அசையும், ஐந்தாம் மடங்கு ஐந்து பங்கு வேகத்தில். செத்த குரலுக்கு மூச்சு வந்துவிடும். சில இடத்தில் இரண்டு கூட்டினேன், சில இடத்தில் ஒன்று குறைத்தேன். கடைசிச் சுரத்தில் மட்டும் இரண்டையும் ஒன்றாக்கினேன், ஆடி ஆடி ஊஞ்சல் நிற்கிற மாதிரி அது நிற்க வேண்டும் என்று. அறுபத்து நான்கு சுரம். நான்கு மாத வேலை.

வேலை பார்த்தது ஒரு மாடி அறையில். கீழே மரச்சாமானுக்கு வார்னிஷ் அடிக்கிற பட்டறை. மூன்று மேசை, ஒரு மின்விசிறி, அதுவும் முதலாளி பக்கம் பார்த்தே சுற்றும். படம் வரைய ஒருத்தர், எண்களைத் தட்டச்சு செய்ய ஒருத்தர், நான். வார்னிஷ் வாசனையில் தலை சுற்றும். ஆனாலும் என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

இனி அண்ணன். என்னைவிட ஆறு வயது மூத்தவன். அச்சகத்தில் பிழைதிருத்துபவனாக இருந்தான். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, சிவப்பு மசியால் அடித்துத் திருத்துவது அவன் வேலை. வேலை அச்சகத்தோடு நின்றால் பரவாயில்லை. மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி என்று எது கையில் கிடைத்தாலும் பிழை பார்ப்பான். 'திருத்தல் திலகம்' என்று நான் பட்டம் வைத்திருந்தேன். பதிலுக்கு அவன் என்னைப் 'பீப்பி' என்பான். சின்ன வயதில் வாயில் எப்போதும் ஒரு ஊதலோடு திரிந்ததால் வந்த பெயர். சாயங்காலங்களில் மூலப்பிரதியை நான் சத்தமாகப் படிக்க வேண்டும், அவன் அச்சானதைச் சரிபார்ப்பான். "காற்புள்ளி. முற்றுப்புள்ளி. புது வரி" என்று அதையும் சேர்த்துத்தான் படிப்பேன். தெருவில் போகிறவர்கள் எங்கள் வீட்டில் ஏதோ மந்திரம் ஓதுவதாக நினைத்திருப்பார்கள்.

கேம் முடிகிற வாரம் எனக்குக் கடும் காய்ச்சல். நூற்று மூன்று டிகிரியில் உட்கார்ந்து, நோட்டிலிருந்து பார்த்து எண்களையெல்லாம் கடைசி முறையாகத் தட்டி, அச்செடுத்து, தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தேன்.

"தட்டச்சுப் பிழை இருக்கான்னு கொஞ்சம் பாரு."

"மூலப்பிரதி எங்க?"

"நோட்டு ஆபீஸ்ல இருக்கு. அதெல்லாம் வேணாம், சும்மா கண்ணை ஓட்டு."

"மூலம் இல்லாம எப்படி பீப்பி..." என்று அவன் இழுத்தது ஞாபகம் இருக்கிறது. நான் அதற்குள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நான்கு நாள் எழுந்திருக்கவில்லை.

அவன் பார்த்தான். முதல் நெடுவரிசையில் 254, பக்கத்தில் 255. 226, பக்கத்தில் 227. பிழை பிடிப்பதற்கென்றே பிறந்தவன் கண்ணில் இது எப்படிப் பட்டிருக்கும்? தங்கச்சி காய்ச்சலில் உளறிக்கொட்டியிருக்கிறாள் என்று நினைத்தான். இரண்டாவது வரிசையில் மாறியிருந்த எண்களையெல்லாம் அடித்து, முதல் வரிசை மாதிரியே ஆக்கினான். அதோடு விட்டானா? தாளை எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்கே போய், தட்டச்சுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு திருத்தமும் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். எல்லாம் என் மேல் இருந்த பாசத்தில்தான். அவனுடைய பாசம் எப்போதும் கையில் சிவப்புப் பேனாவோடுதான் வரும்.

ஆயிரக்கணக்கான கேசட்டுகளில் விளையாட்டு ஏறிய பிறகு, முதலாளி எல்லார் வீட்டாரையும் கூப்பிட்டு ஆபீசில் போட்டுக் காட்டினார். அப்பா, அம்மா, அண்ணன், அவனுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்திருந்த அண்ணி, எல்லாரும் வந்தார்கள். கடைசிக் கட்டத்தில் கிணற்றுச் சுவரில் ஏழு கல், ஏழாவது கல்தான் விளிம்பு. தவளை கல்லுக்குக் கல் தாவி விளிம்புக்கு வர வேண்டும். முதலாளி கைதேர்ந்த ஆட்டக்காரர். ஏழே தாவல். தவளை விளிம்பில் ஏறியது. திரை முழுக்க நீல வானம் விரிந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. சீப்பின் பல்லை நகத்தால் தடவினால் வருமே, அந்த மாதிரி ஒரு சரசரப்பு மட்டும்.

"படம் நல்லா இருக்கும்மா" என்றார் அப்பா.

முதலாளி என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணன் எல்லார் முன்னாலும் பெருமையாகச் சொன்னான்: "நான்கூட அந்தப் பாட்டுல அறுபதுக்கு மேல பிழை பிடிச்சுக் குடுத்தேன், இல்ல பீப்பி?"

எனக்குப் புரிந்த கணம் அது. வாயில் வந்ததைச் சொன்னேன். "நீ கை வச்சது எதுவும் உயிரோட இருக்காது. இனிமே என் விஷயத்துல தலையிடாத." புது மனைவி பக்கத்தில் நின்றாள். அவன் முகம் சுண்டிப்போனது. அடுத்த கேமின் ஒலி வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று, பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் லிஃப்டுக்கும் சலவை மெஷினுக்கும் வந்து சேர்ந்தேன்.

பாட்டு ஏன் வாயடைத்துப் போனது என்பதை அந்த வாரமே கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு தடத்திலும் ஒரே எண் என்றால், இரண்டும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்க வேண்டும், அப்போது பாட்டு கணீரென்று கேட்கும். ஆனால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் தீர்ந்தது கதை. ஒரு கதவை இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் ஒரே பலத்தோடு தள்ளினால் கதவு நகருமா? அந்த மாதிரி இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். கடைசிக் கட்டம் தொடங்கும்போது இரண்டு தடமும் ஒரே நிலையில்தான் இருக்கும். ஆனால் தவளை தாவுகிற சத்தம் முதல் தடத்தில் மட்டும் வரும், ஒவ்வொரு தாவலும் அதைத் தலைகீழாக்கிவிட்டுப் போகும். ஏழு தாவல் என்றால் தலைகீழ். எட்டு என்றால் மறுபடி நேர்.

அதாவது, நின்ற இடத்திலேயே ஒரு தடவை வீணாகக் குதித்துத் தொலைத்தவனுக்குப் பாட்டு கேட்கும். பிசகில்லாமல் ஆடியவனுக்குக் கேட்காது. என் எண்கள் இருந்திருந்தால் யார் எப்படிக் குதித்திருந்தாலும் கேட்டிருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யார் கேட்டார்கள்?

அதற்குப் பிறகு அண்ணனோடு பேச்சு இருந்தது, பேசிக்கொள்ளவில்லை. "அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டேன்." "அப்பாவை நாளைக்கு டாக்டர்ட்ட காட்டணும்." அவ்வளவுதான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்தப் பேச்சுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பீப்பி என்று அவன் என்னை அப்புறம் கூப்பிட்டதே இல்லை.

வியாழக்கிழமை மதியம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்தாள்.

"அடேயப்பா! வழி தவறி வந்துட்டியா, இல்ல வேணும்னேதான் வந்தியா?"

"வேணும்னேதான் அண்ணி. அண்ணன் இருக்கானா?"

"எங்க போவாரு? பேப்பர்ல பிழை பாத்துட்டிருக்காரு. ரிட்டயர் ஆகி ஒரு வருஷமாச்சு, தினமும் திருத்தி ஆசிரியருக்குத் தபால்ல அனுப்பறாரு. அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணாரோ."

அண்ணன் உள்ளறையில் இருந்தான். மேசை மேல் ஒரு தம்ளர் நிறையச் சிவப்புப் பேனா. மூலையில் ஒரு பழைய டப்பா டிவி, அதன் மேல் ஒரு விளையாட்டுப் பெட்டி. அதை அப்போது நான் சரியாகப் பார்க்கவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னேன். அவன் எழுந்து பீரோவைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துவந்தான். உள்ளே, ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தக் காலத்து அச்சுத்தாள். மடிப்பில் மஞ்சளாகிவிட்டிருந்தது. கீழே அவன் கையெழுத்து, தேதி. பிழை திருத்திய தாளைத் தூக்கிப்போடுகிறவன் இல்லை அவன். அதை நம்பித்தான் வந்தேன்.

இரண்டாவது வரிசையில் ஏறக்குறைய எல்லா எண் மேலும் சிவப்புக் கோடு. ஆனால் கோட்டுக்கு அடியில் என் எண்கள் ஒன்றுவிடாமல் தெரிந்தன. அச்சகத்து ஒழுக்கம் அது. எதை அடித்தார்கள் என்பது அடித்த பிறகும் தெரிய வேண்டும்.

"நான் படிக்கறேன். நீ தட்டு" என்றான் அண்ணன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "இருநூத்தி அம்பத்தி நாலு. இருநூத்தி அம்பத்தஞ்சு. அடுத்த வரி. இருநூத்தி இருபத்தாறு. இருநூத்தி இருபத்தேழு. அடுத்த வரி." குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, அடுத்த வரி சொல்கிற தோரணை மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு எண்ணையும் படித்த பிறகு பேனாவை எடுத்து, தான் அடித்த எண்ணின் அடியில் சின்னச் சின்னப் புள்ளி வைத்துக்கொண்டே போனான். அடித்ததன் கீழே புள்ளி வைத்தால், அடித்தது தவறு, இது இருக்கட்டும் என்று அர்த்தம். அவர்கள் தொழிலில் மன்னிப்புக் கேட்கும் முறை அதுதான். நான் பார்க்காத மாதிரி தட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் அழுதுவிடுவேன்.

நாற்பத்தோராவது வரியில் அவன் குரல் நின்றது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. இருநூத்தி எண்பத்தஞ்சு." கொஞ்சம் விட்டு, "இருநூத்தி அறுபத்தெட்டு" என்றான். பேனா தாளுக்கு மேலேயே நின்றது. "உன் தாள்ல அப்படித்தான் இருக்கு. இதுக்கும் புள்ளி வச்சுடவா?"

நான் எட்டிப் பார்த்தேன். 268. என் விரல் தட்டியதுதான். இருக்க வேண்டியது 286. காய்ச்சலில் ஆறையும் எட்டையும் இடம் மாற்றித் தட்டியிருக்கிறேன். 286 இருந்தால் பாட்டு மூச்சு விடும். 268 இருந்தால் பாட்டின் நட்டநடுவில், எல்லாம் உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில், பக்கத்துச் சுரம் ஒன்று வந்து பல் கூசும்படி கத்தியிருக்கும். அவன் கை வைக்காமல் விட்டிருந்தால் அன்றைக்கு எல்லார் முன்னாலும் அந்தக் கத்தல்தான் கேட்டிருக்கும். இருபத்தெட்டு வருடம் நான் யாரைத் திட்டியிருப்பேன்?

அவனுக்கும் தெரிந்திருந்தது. எட்டும் ஆறும் இடம் மாறியதுகூடத் தெரியாதவனா அவன்? தெரிந்தும் வாய் திறக்கவில்லை. இனிமே தலையிடாத என்று நான் சொன்னதை அவன் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இது நெசமான பிழை" என்றேன். "திருத்து."

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் புள்ளி வைக்காமல், பக்கத்தில் நிதானமாக 286 என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டான்.

அறுபத்து நான்கு வரியும் முடிந்தது. மடிக்கணினியில் ஓடவிட்டேன். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். இரண்டு தடமும் சேர்ந்து ஏறின, விலகின, மறுபடி சேர்ந்தன. மேல் மடங்குகள் மினுமினுத்துக்கொண்டே வந்தன. கடைசிச் சுரம் ஆடி ஆடி, நின்றது. நான் முப்பது வருடத்துக்கு முந்திய வார்னிஷ் வாசனையை முகர்ந்தேன், பொய் சொல்லவில்லை.

"அலை அலையா வருது" என்றான் அண்ணன். "இதையா நான் பிழைன்னு நெனச்சேன்?"

"மூலம் குடுக்காம பாக்கச் சொன்னது நாந்தானே" என்றேன். அந்தப் பெண்ணுக்கு அங்கேயே உட்கார்ந்து எண்களை அனுப்பினேன்.

"எப்படியோ இவருக்கு இன்னிக்காவது பாட்டு காதுல விழுந்துது" என்றாள் அண்ணி. "அந்தத் தவளையோட எத்தனை வருஷமா மல்லுக்கட்டறாரு தெரியுமா?"

"என்ன அண்ணி சொல்றீங்க?"

அவள் மூலையில் இருந்த டிவியைக் காட்டினாள். அதன் மேல் இருந்தது அந்தக் காலத்து விளையாட்டுப் பெட்டி. அதில் செருகியிருந்தது தவளைப் படம் போட்ட கேசட். "அடுத்த வருஷமே வாங்கிட்டு வந்துட்டாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம். மாசம் ஒரு தடவையாவது முடிப்பாரு. எதிர் வீட்டுக்காரர் வந்து ஆடினா பாட்டு வருது. இவருக்கு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கூட வரல."

"எனக்குக் கொடுப்பினை இல்லன்னு விட்டுட்டேன்" என்றான் அண்ணன், மேசையைத் துடைத்துக்கொண்டே. "நான்தானே கெடுத்தேன். எனக்கு வராதது நியாயம்தான்னு நெனச்சுப்பேன்."

என்னால் உட்கார முடியவில்லை. அவனுக்கு எப்படி வரும்? ஒரு காற்புள்ளி கூட வீணாக்காத மனிதன். ஏழு கல்லுக்கு ஏழு தாவல்தான் தாவியிருப்பான். வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை, இருபத்தேழு வருடம், ஒரு தாவல் கூடுதலாகப் போட்டிருக்க மாட்டான்.

"போடு" என்றேன். "இப்ப ஆடு, நான் பாக்கறேன்."

டிவி சூடாகிப் படம் வர ஒரு நிமிடம் ஆனது. அண்ணன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து ஆடினான். கட்டம் கட்டமாக, ஒரு கல்கூடத் தவறாமல், மனப்பாடப் பகுதி ஒப்பிப்பது மாதிரி. கடைசிக் கட்டம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. தவளை ஆறாவது கல்லில் நின்றது.

"நில்லு அண்ணா. அங்கேயே ஒரு தடவ சும்மா தாவு."

"இங்க தாவ வேண்டியதில்லையே."

"தெரியும். தாவு."

அவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று முகத்தில் தெரிந்தது. கட்டைவிரல் தயங்கியது. பிறகு அழுத்தினான். தவளை நின்ற இடத்திலேயே ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த தாவலில் விளிம்பில் ஏறியது. நீல வானம் விரிந்தது.

பாட்டு வந்தது. அவன் திருத்திய பாட்டு, அசைவில்லாமல், மூக்கடைத்த குரலில், கணீரென்று. நான் இத்தனை நாள் வெறுத்த பாட்டு. அவ்வளவு மோசமாக ஒன்றும் இல்லை அது. பாட்டு முடிகிறவரை அண்ணன் கைகள் மடியில் கிடந்தன.

"இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் நம்பியிருப்பான்.

"அந்த வாரமே தெரியும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்ன பேச்சும் தப்பு. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணா."

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"அந்தப் பேச்சை எப்பவோ அடிச்சுட்டேன் பீப்பி" என்றான். "அதுக்குப் புள்ளியெல்லாம் வைக்கல."

நான் துண்டில் முகத்தைத் துடைத்தேன். அண்ணி, "எனக்குச் சரியாவே கேக்கல, இன்னொரு தரம் போடுங்க" என்றாள். அண்ணன் பெட்டியை அணைத்துப் போட்டு முதலிலிருந்து தொடங்கினான். கடைசிக் கட்டத்தில், நான் ஒன்றும் சொல்லாமலே, எட்டு தடவை தாவினான்.